சோளகத்தின் மேல் போட்ட பழி

விமானி என்னைக் கையால் காட்டி, ஆங்கிலத்தில் இரண்டே இரண்டு சொல் சொன்னான்.

"ஹி பொயின்டட்."

"இவர்தான் கையைக் காட்டினவர்." அவ்வளவுதான் அதன் பொருள். இதைத் தமிழாக்க ஒருவன் சர்வகலாசாலை போய்ப் பட்டம் எடுத்துவர வேண்டியதில்லை.

ஆனால் என்னைச் சுற்றி நின்ற குடியேற்றத்து ஆட்களில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. எல்லாருடைய தலையும் மீசையும் புருவமும் வெள்ளை. விபூதித் தட்டுக்குள் விழுந்து எழும்பியவர்களைப் போல நின்றார்கள். மூன்று பொங்கல் பானைகளிலும் பூச்சிமருந்துத் தூள் ஒரு விரற்கடை தடிப்புக்குப் படிந்திருந்தது. தவில்காரர் தவிலைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டத் தட்ட, புகைபோல வெள்ளை பறந்துகொண்டிருந்தது.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் விழாவுக்குத் தலைமை தாங்க வந்த பெரிய உத்தியோகத்தர். மற்றவர் விவசாய உத்தியோகத்தர் குலசிங்கம். இருவரும் கண் கழுவ வாய்க்காலுக்கு ஓடியிருந்தார்கள்.

நடராசா தன் வயலிலிருந்து ஓடி வந்தான். வேட்டி கையில் இருந்தது. இடுப்பில் கோவணம் மட்டும்.

"என்னவாம் பொம்பர்? துரை என்ன சொல்லுறார்?"

நூறு வெள்ளை முகங்கள் என்னைப் பார்த்தன.

"காத்தாம்," என்றேன். "சோளகக் காத்து அள்ளிக்கொண்டுவந்து இஞ்சை போட்டுட்டுதாம்."

என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே மொழிபெயர்ப்பு அது. அதிலும் மூலத்துக்கு விசுவாசமாக இருக்கவில்லை.

திருத்தாத ஒரு ஓம்

ஆறுமுகமாகிய என்னைக் கிளிநொச்சிப் பக்கத்தில் ஆறுமுகம் என்று கேட்டால் தெரியாது. பொம்பர் என்று கேட்டால் சந்தையிலிருந்து நேரே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து விடுவார்கள்.

குண்டு போடுகிற விமானத்துக்குச் சொல்கிற பெயர்; அந்த நாளில் அது சிரிப்புக்கான சொல். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கிற ஆட்கள் எங்கள் பக்கத்தில் இல்லை.

பெயர் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உலக யுத்தக் காலத்தில் வவுனியாவில் வெள்ளைக்காரன் விமானத் தளம் போட்டபோது வேலைக்குப் போனேன். முதல் வேலை, ஓடுபாதையில் மேய வந்த மாடுகளைத் துரத்துவது. அதில் நான் காட்டிய திறமையைப் பார்த்தோ என்னவோ, பயிற்சி தந்து பர்மா எல்லைக்கு அனுப்பினார்கள்.

அங்கே நான் செய்தது குண்டு கட்டுகிற வேலை. விமானம் வந்து நிற்கும். வயிற்றுக்குக் கீழே படுத்துக் குண்டைத் தூக்கிக் கொளுவுவோம். தோட்டா மாலையை இறக்கைக்குள் மடித்து அடுக்குவோம். போகும். வெறும் வயிற்றோடு திரும்பி வரும். மறுபடியும் கட்டுவோம். யுத்தம் முழுவதும் நான் பார்த்தது விமானத்தின் அடிவயிற்றையும் அதிலிருந்து சொட்டுகிற எண்ணெயையும்தான்.

ஐம்பதுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தேன். அயலவர்கள் கேட்டார்கள்: "அண்ணை சண்டைக் காலத்தில பிளேனிலையோ வேலை?"

"ஓம்," என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் அந்த ஓமுக்குக் கொஞ்ச நாளில் இறக்கை முளைத்தது. நான் விமானம் ஓட்டினேன் என்றார்கள். பிறகு குண்டு போட்டேன் என்றார்கள். ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர் சைக்கிள் மிதித்து வந்து, யானைகள் வயலுக்குள் இறங்கி அட்டகாசம் பண்ணுகின்றன, மேலேயிருந்து ஏதாவது செய்ய ஏலாதோ என்று கேட்டார். விமானம் இப்போது கைவசம் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

நானாக ஒன்றையும் கூட்டிச் சொன்னதில்லை. திருத்தவும் இல்லை.

என் மனைவி பாக்கியத்துக்கு மட்டும் உண்மை தெரியும். கலியாணம் பேசும்போதே சொல்லிவிட்டேன். விமானிக்கு அவளுடைய தகப்பனார் பெண் கொடுத்திருக்க மாட்டார். விழுந்து செத்துப்போவான் என்ற பயம்.

சலூன் விரிவுரைகள்

கிளிநொச்சிக் கடைத்தெருவில் ஒரு சலூன் இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் அதுதான் என் மேடை. பக்கத்துக் கதிரையில் நடராசா இருப்பான். என் காணிக்கு அடுத்த காணிக்காரன். கட்டையான ஆள், கட்டையான பேச்சு. என் கதைகளை அவனைப்போல ரசித்தவனும் இல்லை, அவனைப்போல ஓட்டை பிடித்தவனும் இல்லை.

தரையைத் தாக்குகிற விமானம் எப்படி வளர்ந்தது என்று அவனுக்கு நான் வருஷக்கணக்காகப் பாடம் நடத்தினேன்.

"முதலாம் சண்டையில குண்டே இல்லை. பெட்டி நிறைய இரும்பு அம்பு. பென்சில் அளவு. கொண்டுபோய் மேலையிருந்து கொட்டுறது."

"கீழ நிக்கிறவன் அண்ணாந்து பாத்தால் விலத்தலாமே?"

"விலத்தலாம்."

"பிறகென்ன சண்டை உது!"

அம்புக்குப் பிறகு, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறுகையால் குண்டை எடுத்து வெளியே விட்டார்கள். கீழே நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? மேலே பார்த்துச் சுட்டார்கள். விமானியின் கதிரை பிரம்பும் பலகையும். குண்டு எங்கே படும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் சில பேர் குசினியில் அடுப்பு மூடியைக் கழற்றி வந்து, அதன்மேல் உட்கார்ந்து பறந்ததாகக் கேள்வி. கவசம் என்ற பெரிய விஞ்ஞானம் அப்படித்தான் தொடங்கியது. பிறகு பிறகு ஆளையே இரும்புத் தொட்டிக்குள் வைத்து அடைத்தார்கள்.

அடுத்த யுத்தத்தில் செங்குத்தாக விழுந்து குண்டு போடுகிற விமானம் வந்தது. விழும்போது ஊளையிட ஒரு சங்கும் பூட்டியிருந்தார்கள். "குண்டு போட முந்தி, போடப்போறன் எண்டு சொல்லுறானோ? நல்ல பண்பான ஆள்," என்றான் நடராசா.

நான் கையால் தொட்டது ஹரிக்கேன். அதில் ஒரு வகைக்கு, டாங்கியை உடைக்கவென்று இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பீரங்கி தூக்கியிருந்தார்கள். சுட்டால் விமானம் நடுவானில் மூக்கைக் குத்தும். பிறகு இறக்கைக்குக் கீழே ரொக்கெட் வந்தது. அதற்குப் பிறகு தண்டர்போல்ட். சினைமாடு போல வயிறு. எவ்வளவு கட்டினாலும் சுமக்கும். கட்டிக் கட்டி என் இடுப்பு போனது அதில்தான்.

இந்த விமானங்களுக்கு உபரியாக எண்ணெய்த் தொட்டி ஒன்று கொளுவுவார்கள். எண்ணெய் முடிந்ததும் கழற்றி விழுத்திவிட்டுப் போவார்கள். யுத்தம் முடிந்த பிறகு முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீன்பிடிச் சம்மாட்டியார் அப்படியொரு தொட்டியை எங்கிருந்தோ எடுத்து, நெடுக்காகப் பிளந்து, களப்பில் இறால் பிடிக்க வள்ளமாக வைத்திருந்ததைக் கண்ணால் கண்டேன். இத்தனை வருஷ விமான வளர்ச்சியில் மனிதனுக்கு நேராகப் பிரயோசனப்பட்டது அந்தத் தொட்டி ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு ஜெட் வந்தது. ஒரு கொட்டாவி விடுவதற்குள் நாலு வாய்க்கால் தாண்டும். அந்த வேகத்தில் கீழே ஒரு மண்ணும் தெரியாது. அறுபதுகளில் பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள்: எங்கோ தூரத்துச் சண்டையில், வேகம் கூடிப்போச்சு என்று, பழைய காற்றாடி விமானங்களையே தூசு தட்டி எடுத்துப் பாவித்தார்களாம்.

அம்பு குண்டானது. பிரம்புக் கதிரை இரும்புத் தொட்டியானது. காற்றாடி ஜெட்டானது. ஒன்று மட்டும் தொடங்கின இடத்திலேயே நின்றது. மேலே இருக்கிறவனுக்குக் கீழே நிற்பது யாரென்று தெரியாது. அதனால் கீழே நிற்கிறவர்களே வெள்ளைத் துணி விரித்தும் புகை போட்டும், நாங்கள் உங்கள் ஆட்கள், அடுத்த பக்கத்தில் போடுங்கள் என்று மன்றாட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் சலூனில் நான் ஒரு கதை சொல்வேன். பர்மாவில் என் கையால் குண்டு கட்டி அனுப்பிய விமானம் ஒன்று, துணி விரித்து வைத்திருந்த சொந்த ஆட்கள் மேலேயே போட்டுவிட்டுத் திரும்பியது. விமானிக்கு மீசை சரியாக முளைக்காத வயசு. இறங்கி வந்து வெறும் குண்டுப்பெட்டியில் குந்தியிருந்தான். நாங்கள் கீழ்வேலைக்காரர் எல்லாரும் அவன் காதுபடவே, குருடனுக்கு விமானம் கொடுத்தால் இப்படித்தான் என்று பேசினோம். அவன் என்னைப் பார்த்து ஒன்று சொன்னான்: "ஒருநாள் மேலே வந்து பார்."

சலூனில் அதை நான் அந்த வெள்ளைக்காரனின் குரலிலேயே நடித்துக் காட்டுவேன். சவர்க்கார நுரை பறக்கச் சிரிப்பார்கள்.

புழு

அந்த வருஷம் சிறுபோகத்தில், கோடை நெல்லில், புழு வந்தது. பச்சைப் புழு. படை படையாக வரும். நேற்றுப் பச்சையாகப் பார்த்த வயல் இன்று காலையில் ஈர்க்குக் கட்டாக நிற்கும்.

கடைசி வாய்க்காலின் தொங்கல் முனையில் இருந்த நடராசாவின் வயலில்தான் முதலில் கண்டது, அங்கேதான் மோசமும். என் வயல் வரம்பு ஓரத்தில் மட்டும் கடிபட்டிருந்தது.

அவனுக்கு முந்தின போகமும் இல்லை. வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் சாவகச்சேரியில் மாமன் வீட்டில் விட்டுவிட்டுத் தனியே பொங்கித் தின்றுகொண்டிருந்தான். "இந்தப் போகம் சரிவந்தால் அவையைக் கூட்டிக்கொண்டு வந்திடுவன்," என்று காண்கிற நேரமெல்லாம் சொல்வான். மாமன் வீட்டில் ஏதோ பேசியிருக்கிறார்கள். அதை அவன் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் குலசிங்கம் ஜீப்பில் வந்து கூட்டம் வைத்தார். தூள் தூவ விமானம் வருகிறது. பரீட்சார்த்தம். ஒருநாள் மட்டும் நிற்கும். விமானி நாட்டுக்குப் புதிது, வாய்க்கால் வயல் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருந்து வழிகாட்ட ஒரு ஆள் வேண்டும்.

"ஆறுமுகம், நீங்கள் பழைய விமானியாமே?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நடராசாவின் முகத்தில் பெருமை. தன்னைக் கேட்டதுபோல நிமிர்ந்து நின்றான்.

இந்த முறை நான் வாய் திறந்தே பொய் சொன்னேன். "ஓம் ஐயா."

வீட்டில் பாக்கியம் அரிசி களைந்துகொண்டு கேட்டாள். "உதில எந்தப் பக்கத்தால ஏறுறது எண்டாவது தெரியுமே உங்களுக்கு?"

"ஏறுற பக்கம் தெரியும். இருக்கிறதுதான் புதுசு."

"விழுந்தால்?"

"வயலுக்கைதானே விழுறது. பஞ்சுமாதிரிச் சேறு."

"விழுறதைச் சொல்லேல்லை. வழி காட்டுறதைச் சொல்லுறன். கிளிநொச்சிச் சந்தைக்குள்ளயே உங்களுக்குத் திசை பிடிபடாது."

பின்னேரம் நடராசா வந்தான். "குலசிங்கம் ஐயாவின்ர திட்டத்திலயும் என்ர வயல்தான் முதல். மேற்கு மூலையில வெள்ளைத் துணியோட நிப்பன். காட்டிவிடும்."

"கண்ணை மூடிக்கொண்டு காட்டுவன்," என்றேன்.

எங்களுக்கு, எங்களுக்கு

காற்று எழும்ப முன்னம், விடிய ஆறு மணிக்கே பறக்க வேண்டும் என்று விமானி சொல்லியிருந்தான். பெரிய உத்தியோகத்தர் ஒன்பது மணிக்கு வந்தார். மேட்டுநிலத்தில் ட்ராக்டரால் மட்டப்படுத்திய பாதையில் விமானம் நின்றது. கொஞ்சத் தூரத்தில், வயல் விளிம்பில், வெள்ளைத் துணி கட்டிய பந்தல், நாதஸ்வரம், மூன்று பானைப் பொங்கல், மாலை, பேச்சு. பேச்சு முடிய, சோளகம் பந்தல் சீலையைப் பிடித்து உதறத் தொடங்கியிருந்தது.

தூளால் மனிசருக்கு ஒரு தீங்கும் இல்லை என்று குலசிங்கம் ஒலிபெருக்கியில் விளக்கினார். பிறகு அன்று மூன்று தரம் குளித்த ஆளும் அவர்தான்.

சின்ன விமானம். முன்னுக்கு இரண்டு இருக்கை, பின்னுக்குத் தூள் நிரப்பிய தகரத் தொட்டி. எத்தனை மணித்தியாலம் பறந்திருக்கிறாய் என்று விமானி ஆங்கிலத்தில் கேட்டான். இரைச்சலில் கேளாததுபோல இருந்தேன். வயிற்றுப் பட்டியை நான் பூட்டிய விதத்திலேயே அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

எழும்பினோம். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். சதுரம். சதுரம். சதுரம். பச்சைச் சதுரங்களுக்கு நடுவே வெள்ளிக் கம்பிபோல வாய்க்கால்கள். எது முதல் வாய்க்கால், எது கடைசி? என் காலால் பத்து வருஷம் நடந்த வரம்புகள். ஒவ்வொரு வளைவிலும் நிற்கும் மரத்தைச் சொல்லுவேன். மேலேயிருந்து மரம் எல்லாம் ஒரே பச்சைப் பொட்டு. என் சொந்த வீடு எது என்று தெரியவில்லை.

துணி இருக்கிறதே என்று பார்த்தேன். தூவ வேண்டிய வயல்களின் மூலையில் நாலே நாலு பேர் வெள்ளைத் துணி பிடிப்பார்கள் என்பது ஏற்பாடு.

கீழே முழுக் குடியேற்றமும் வெள்ளைத் துணி வீசிக்கொண்டிருந்தது. வேட்டி, துவாய், சேலை, படுக்கை விரிப்பு. வரம்புக்கு வரம்பு ஆட்கள். சத்தம் கேட்கவில்லை, ஆனால் என்ன சொல்லுகிறார்கள் என்று விளங்கியது. எங்களுக்கு, எங்களுக்கு.

விமானி ஒரு வட்டம் அடித்தான். இரண்டாவது வட்டம். "எங்கே?" என்று கத்தினான். காற்று எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. "எங்கே மனிதா?"

தெரியவில்லை என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் என் காதில் விழுந்தது சலூன் சிரிப்பு.

ஒரு வாய்க்காலின் மேற்கு மூலையில் பெரிதாக ஒரு வெள்ளை தெரிந்தது. சுற்றிவரச் சனம். நடராசா ஆட்களைத் திரட்டி வந்து பெரிய துணியாக விரித்துவிட்டான், கெட்டிக்காரன் என்று நினைத்தேன். கையை நீட்டினேன்.

விமானி விமானத்தின் மூக்கைக் கீழே குத்தினான். தரை எழும்பி வந்தது. வெள்ளைத் துணிக்கு நாலு கால் இருந்தது. கீழே ஒருவர் நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருந்தார். அவருடைய கன்னங்கள் உப்பியிருந்ததுகூடத் தெரிந்தது.

"நோ!" என்று கத்தினேன்.

அந்த இரைச்சலில் அது அவனுக்கு "நௌ" என்று கேட்டிருக்கிறது. இப்போது என்று பொருள். தூள் தொட்டியின் பிடியை இழுத்தான்.

மிச்சத் தூளுக்கும் ஒரு வயல் காட்டினேன். அது யாரோ ஒருவரின் மரவள்ளித் தோட்டம்.

இறங்க வட்டமடித்தபோது, குண்டுப்பெட்டியில் குந்தியிருந்த அந்தப் பர்மா விமானியின் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது. அன்று அவன் அழுதுகொண்டிருந்தான். சலூனில் நடிக்கும்போது நான் அதை விட்டுவிடுவேன்.

தமிழில் காற்று

பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். விமானி சொன்னான், நான் காற்று என்றேன், எல்லாரும் நம்பினார்கள். சோளகத்தை வையாத வாய் இல்லை. கண் கழுவித் திரும்பிய பெரிய உத்தியோகத்தர், விமானியிடம் ஒரு விளக்கமும் கேட்காமல், இன்னும் இரண்டு தரம் தூவ வைத்திருந்த மூட்டைகளையும் ஏற்றி விமானத்தை உடனே வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார். ஒரு வயலுக்கும் ஒரு பிடி தூள் விழவில்லை.

இதில் என்னால் தாங்க முடியாமல் போனது நடராசா செய்த காரியம். அவன் என் தோளில் கை போட்டான். "நீர் என்ன செய்வீர் பொம்பர். காத்தை ஆர் பிடிச்சுக் கட்டுறது? உசிரோட இறங்கினீரே, அது போதும்." அந்தக் கையில் வேட்டி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் நின்ற பாக்கியத்தோடு வீட்டுக்கு நடந்தேன். அவள் வேலிப் படலையைத் திறந்துவிட்டுத் திரும்பினாள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவள் என்பதை நான் அந்தப் பதற்றத்தில் மறந்திருந்தேன்.

"'ஹி பொயின்டட்' எண்டால் தமிழில காத்தோ?"

நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

"அவ்வளவு சனத்துக்கு முன்னால வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"சனத்துக்குச் சொன்னதைப் பற்றி எனக்கு ஒண்டுமில்லை. நடராசாண்ணை உங்களைத் தேத்தினவர். உங்களை! அதைத்தான் என்னால பாத்துக்கொண்டு நிக்கேலாமல் கிடந்தது."

அடுத்த நாள் காலையில் அவன் வயலுக்குப் போனேன். வரம்பில் ஏறும்போதே சத்தம் கேட்டது. வைக்கோலை யாரோ மெல்லக் கசக்குவதுபோல ஒரு சரசரப்பு. முழு வயலும் தின்னப்பட்டுக்கொண்டிருந்த சத்தம். நடராசா குந்தியிருந்து புழுக்களைக் கையால் பொறுக்கித் தகரப்பேணிக்குள் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று ஏக்கரையும் அந்தப் பேணியால் காப்பாற்றப் பார்த்தான்.

"நடராசா. காத்தில்லை. நான்தான் பிழையாக் கையைக் காட்டினனான். துரை அதைத்தான் சொன்னவன்."

அவன் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"பிளேன் ஓட்டினதெண்டது?"

"ஓட்டேல்லை. குண்டு கட்டினனான். நேற்றுத்தான் முதல்தரம் ஏறினது."

பேணி நிரம்பியிருந்தது. அவன் எழும்பி, என்னைப் பார்க்காமல், வயலின் மறுகரைக்குப் போனான். அவன் என்னை அடித்திருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன்.

கயிறு

புழுவுக்கு விமானத்துக்கு முந்திய வைத்தியம் ஒன்று உண்டு. வயலில் தண்ணீரை நிரப்பி, மேலே மண்ணெண்ணெய் தெளித்து, இரண்டு பேர் இரண்டு கரையில் நின்று நீளக் கயிற்றைப் பயிர் நுனியில் படும்படி இழுத்துக்கொண்டு நடப்பது. புழு தண்ணீரில் விழும். எண்ணெய் பட்டால் மீளாது. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சிறுபோகத்தில் தண்ணீர் முறை முறையாகத்தான் வரும். நடராசாவின் முறைக்கு இன்னும் ஆறு நாள். ஆறு நாளில் அங்கே புழு மட்டும்தான் இருக்கும்.

என் முறை அடுத்த நாள்.

"எங்கட பயிர் வாடும்," என்றேன் பாக்கியத்திடம்.

"வாடட்டும். கடிபட்டதைவிட வாடினது தலை எடுக்கும்," என்றாள். மண்ணெண்ணெய்த் தகரத்தை அவளே எடுத்து வெளியே வைத்தாள்.

தண்ணீர் முறை பார்க்கிற விதானையாரிடம் போய், என் மடையை அடைத்து நடராசாவின் மடையைத் திறக்கச் சொன்னேன். அவருடைய காதுக்குள் இன்னும் வெள்ளைத் தூள் இருந்தது. ஏன் என்று கேட்டார். சொன்னேன். காற்று இல்லை, நான்தான் என்று. அன்று பின்னேரத்துக்குள் குடியேற்றம் முழுக்கத் தெரிந்துவிடும் என்பது தெரிந்தே சொன்னேன். சரியாக அப்படியே நடந்தது. இரண்டு மாதம் நான் சலூனுக்குப் போகவில்லை. தலைமயிரைப் பாக்கியம்தான் வெட்டிவிட்டாள். அது தனித் தண்டனை.

தண்ணீர் அவன் வயலில் ஏறியபோது நான் கயிற்றோடு வரம்பில் நின்றேன். நடராசா வந்தான். தண்ணீரைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மறு நுனியை எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்கு நடந்தான்.

இரண்டு நாள் இழுத்தோம். பாக்கியம் பின்னாலே வந்து, கரைக்கு ஒதுங்கிய புழுக்களை விளக்குமாற்றால் குழிக்குள் தள்ளி மூடினாள். கொக்குகள் எங்கிருந்தோ மணம் பிடித்து வந்து வரம்பு நீளத்துக்குக் குந்தின. அவற்றுக்கு ஒரு கையும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அரைவாசி வயல் தப்பியது. அந்த அரைவாசி நன்றாகவே கதிர் தள்ளியது. என் வயலில் மேட்டுப் பக்கம் கருகிப்போய் வைக்கோலாகத்தான் கிடந்தது. அறுவடை முடிந்து, நடராசாவின் மனைவியும் பிள்ளைகளும் றெயிலில் வந்து இறங்கியபோது, கூட்டிவர அவன் என்னை அழைக்கவில்லை. பாக்கியத்தை அழைத்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது கயிறு இழுத்த இரண்டாம் நாள் பின்னேரம் நடந்ததை. அதுவரை இருவரும் ஒரு சொல் பேசியிருக்கவில்லை. ஒருவனை ஒருவன் பார்க்காமல் ஒரே வேகத்தில் நடப்பது எவ்வளவு கரைச்சல் என்று கயிறு இழுத்தவனுக்குத்தான் தெரியும். திடீரென்று அவன் நின்றான். கயிறு தொய்ந்தது.

"மேலையிருந்து பாக்கேக்கை," என்றான், தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்ர வயல் எப்பிடி இருந்தது?"

அழகாக இருந்தது என்று சொல் வாய்வரை வந்துவிட்டது.

"தெரியேல்லை, நடராசா. தேடினனான். பிடிபடேல்லை."

அவன் கயிற்றில் ஒட்டியிருந்த புழுவொன்றைச் சுண்டிவிட்டான்.

"எனக்கு உம்மட முகம் தெரிஞ்சது," என்றான். "ரெண்டு தரம் தலைக்கு மேலால போனனீர். கட்டியிருந்த வேட்டியையும் கழட்டி வீசினனான். நீர் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போனனீர்."

நான் தொய்ந்த கயிற்றைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன்.

"சரி, இறுக்கிப் பிடியும். புழு விழேல்லை," என்று அவன் நடந்தான். நான் என் நுனியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டு, அவன் காலைப் பார்த்து அடி வைத்தேன். இன்னும் இரண்டு துண்டு வயல் மிச்சம் இருந்தது.